கஞ்சித் தொட்டியும் ஒரு தேக்கரண்டியும்

ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வாழும் முதியவர்களிடம் ஸ்டான்லி மருத்துவமனையைப் பற்றிக் கேட்டால், அவர்களுள் சிலர் இன்றும் அதனைக் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றே குறிப்பிடுவர். இளந்தலைமுறைக்கு இப்பெயர் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதற்குள் இருநூற்று நாற்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. ஹைதர் அலீயின் படைகளுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்த காலத்தில் சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் பாழாயின. பசியோடு நகரை நோக்கி வந்த மக்களுக்கு 1782ஆம் ஆண்டில் இங்கே ஒரு சத்திரத்தில் கஞ்சி ஊற்றப்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரம். பசித்து வந்தவர்களில் பலர் நோயாளிகளாகவும் இருந்தமையால், கஞ்சிக்குப் பின்னே மருந்தும் வந்தது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் இப்பகுதி மக்களுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னர் சத்திரமும் மருத்துவமனையும் ஒன்றாயின. அந்த வேரிலிருந்து வளர்ந்த மருத்துவப் பள்ளி ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938இல் கல்லூரியாக உயர்ந்தது.

ஆக, வடசென்னையின் பெரிய மருத்துவமனை ஒரு கஞ்சிக் கொப்பரையிலிருந்து பிறந்தது. இதனை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நோயுற்ற குழந்தை மருந்தைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்ளும், முகத்தைத் திருப்பும், ஊற்றியதைத் துப்பும். இது எல்லா வீடுகளிலும் எல்லாக் காலங்களிலும் நடந்து வருவது. அந்த நேரத்தில் பெரியவர்கள் என்ன செய்தார்கள், அதனால் குழந்தைகள் பிழைத்தனவா என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது கஞ்சி, உப்பு, சர்க்கரை, ஒரு சிறு கரண்டி ஆகிய எளிய பொருள்களின் வரலாறு.

பஞ்சமும் பேதியும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தின்போது மீண்டும் பல்லாயிரம் மக்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தனர். மணியக்காரர் சத்திரமும் ராயபுரமும் மறுபடியும் கஞ்சி ஊற்றும் இடங்களாயின. அப்பஞ்சத்தில் மக்களைத் தாக்கிய நோய்களைப் பற்றி அலெக்சாண்டர் போர்ட்டர் என்னும் மருத்துவர் எழுதிய நூல் 1889இல் சென்னையில் அச்சாயிற்று. பட்டினியால் குடல் மெலிந்து, கிடைத்த உணவையும் ஏற்க இயலாமல் வயிற்றுப்போக்கினால் மாண்டவர்களின் நிலையை அந்நூல் பதிவு செய்திருக்கிறது. உணவு வந்து சேர்ந்த பிறகும் உயிர் தங்கவில்லை என்பது அக்கால மருத்துவர்களைத் திகைக்க வைத்தது.

காலராவும் பேதியும் குழந்தையை எப்படிக் கொல்கின்றன என்பது அன்று தெளிவாகவில்லை. கிருமியைக் காட்டிலும் விரைந்து உயிரைப் பறிப்பது நீரிழப்பு. குழந்தையின் உடலில் நீரின் பங்கு பெரியவர்களைவிட அதிகம், இருப்போ குறைவு. சில மணி நேர வயிற்றுப்போக்கிலேயே கண்கள் குழிந்து, நா உலர்ந்து, அழுதாலும் கண்ணீர் வராத நிலைக்குக் குழந்தை சென்றுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவமோ இந்நிலையில் பாதரசம் கலந்த பேதி மருந்தையும் அபினையும் கொடுத்தது. பல இடங்களில் நோயாளி தண்ணீர் கேட்டபோது அதனை மறுத்தது. நீர் கொடுத்தால் வாந்தி வரும், போக்கு பெருகும் என்ற அச்சமே காரணம். இந்த அச்சம் நம் வீடுகளிலும் வெகுகாலம் இருந்தது. "வயிறு போகுது, தண்ணி கொடுக்காதே" என்று சொல்லும் பாட்டிமார்கள் இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

சங்கும் உரைகல்லும்

மருத்துவமனைக்கு வெளியே, வீடுகளில், குழந்தை மருத்துவம் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது. வடசென்னையின் முஸ்லிம் குடும்பங்களும் மற்றக் குடும்பங்களும் இதில் ஒரே பழக்கத்தையே கொண்டிருந்தன. சுக்கு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், வசம்பு ஆகியவற்றை உரைகல்லில் தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டு உரைத்து, சங்கில் எடுத்துப் புகட்டுவார்கள். அதற்கு உரை மருந்து என்று பெயர். வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றே அழைத்தனர்.

இப்பழக்கத்தில் நல்லதும் தீயதும் கலந்திருந்தன. சங்கும் பாலாடையும் நம் முன்னோரின் நல்ல கண்டுபிடிப்புகள். சிறிதளவே பிடிக்கும், மூக்கு குறுகியிருப்பதால் மெல்ல மெல்லப் புகட்ட முடியும். எடை குறைந்து பிறந்து, தாயிடம் பால் குடிக்க இயலாத சிசுக்களுக்கு இந்திய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் இன்றும் பாலாடையைப் பயன்படுத்துகின்றன.

தீயது எதுவெனில், குழந்தையைக் காலில் கிடத்தி, கைகளை அழுத்திப் பிடித்து, சில வேளை மூக்கையும் பொத்தி, அழும் வாயில் மருந்தை ஊற்றும் வழக்கம். அழுகிற குழந்தை மூச்சை உள்ளிழுக்கும்போது திரவம் நுரையீரலுக்குள் சென்றுவிடக் கூடும். சளிக்காய்ச்சலுக்கென்று ஊற்றிய எண்ணெயே நுரையீரல் அழற்சிக்குக் காரணமாவதைக் குழந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருகின்றனர். உரை மருந்துச் சரக்குகளின் அளவும் தூய்மையும் வீட்டுக்கு வீடு மாறுவதால், பச்சிளங்குழந்தைக்கு அவற்றைக் கொடுப்பதையும் அவர்கள் தவிர்க்கச் சொல்கின்றனர்.

நபிமொழிகள் காட்டும் மென்மை

குழந்தையை வருத்திச் செய்யும் வைத்தியத்தைப் பற்றி நம் மார்க்க நூல்களிலேயே ஒரு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறது. ஸஹீஹுல் புகாரியின் மருத்துவம் பற்றிய பகுதியில் அதனைக் காணலாம். உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்கள் தம் மகனை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். குழந்தைக்குத் தொண்டை நோய். அக்கால வழக்கப்படி, தொண்டைக்குள் விரலை விட்டு அழுத்தி வைத்தியம் செய்திருந்தார்கள். இப்படி அழுத்திக் குழந்தைகளை ஏன் வருத்துகிறீர்கள் என்ற பொருள்படக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அதற்குப் பதிலாக இந்தியக் குச்சி எனப்படும் மருந்தைப் பயன்படுத்துமாறு கூறினார்கள். அது நம் நாட்டு மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்று விற்கப்படும் வேர். இமயமலைச் சரிவுகளில் விளைந்து, இந்தியாவிலிருந்து அரபு நாட்டுக்கு வணிகப் பொருளாகச் சென்றது. அந்த வேரை இன்று நாமாகவே குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காக இதனைக் கூறவில்லை. நோயைத் தீர்க்க வேண்டும், ஆனால் குழந்தையை வதைக்காத வழியைத் தேட வேண்டும் என்னும் கருத்தே இங்கு நமக்கு வேண்டுவது.

அதே பகுதியில் வரும் இன்னொரு நிகழ்ச்சியும் சிந்திக்கத்தக்கது. நபி (ஸல்) அவர்கள் நோயுற்றிருந்தபோது, வாயின் ஓரத்தில் மருந்து ஊற்றும் முறையில் வீட்டார் அவர்களுக்கு மருந்து புகட்டினார்கள். வேண்டாம் என்று அவர்கள் சைகை செய்தும், நோயாளி மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று வீட்டார் எண்ணிவிட்டனர். தெளிவு பெற்றதும், அப்போது உடனிருக்காத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டிலிருந்த மற்ற அனைவருக்கும் அதே மருந்தைப் புகட்டுமாறு அவர்கள் கூறினார்கள். நோயாளியின் மறுப்பை எளிதாகத் தள்ளிவிடும் நம் அனைவருக்கும் இதில் படிப்பினை இருக்கிறது. குழந்தை ஏன் மறுக்கிறது? கசப்பா, தொண்டை வலியா, குமட்டலா, பயமா? இதனை அறிய முற்படுவது மருந்தூட்டலின் முதற்படி.

மூன்றாவதாக, ஆயிஷா (ரலி) அவர்கள் நோயாளிகளுக்கும் துயருற்றோருக்கும் தல்பீனா கொடுக்கச் சொல்வார்கள். அது வாற்கோதுமைக் கஞ்சி. விரும்பப்படாதது, ஆயினும் பயன் தருவது என்று அதனை அவர்கள் வர்ணித்ததாக அறிவிப்பு உண்டு. நோயாளி முகம் சுளிப்பான் என்பதை அறிந்தே, அதனை மென்மையான கஞ்சியாக்கிக் கொடுத்தார்கள். நோன்புக் கஞ்சியோடு வளர்ந்த நம் சமுதாயத்துக்கு இது அந்நியமான செய்தி அன்று.

ஷராப் என்னும் சொல்

கசப்பை இனிப்பில் மறைக்கும் கலையை முறைப்படுத்தியதில் முஸ்லிம் உலக மருத்துவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி நூல் எழுதியவர் அர்ராஸி. பத்தாம் நூற்றாண்டில் கைரவான் நகரில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸார், குழந்தை வளர்ப்பையும் குழந்தை நோய்களையும் குறித்துத் தனி நூலே எழுதினார். அக்காலத்தில் கரும்புச் சர்க்கரை பரவலாகக் கிடைத்ததால், மருந்துகள் சர்க்கரைப் பாகில் காய்ச்சப்பட்டன. குடிப்பது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த ஷராப் என்னும் அரபுச் சொல் ஐரோப்பாவுக்குச் சென்று சிரப் ஆயிற்று. அதே வேரிலிருந்து வந்ததே நாம் கோடையில் பருகும் சர்பத். நக்கி உண்ணும் மருந்துக்கு அரபியில் லஊக் என்று பெயர். நம்முடைய லேகியம் என்னும் சொல்லுக்கும் அடிப்படைப் பொருள் அதுவே. இரு வேறு மரபுகள், மருந்தை விழுங்க மறுக்கும் நாவுக்கு ஒரே விடையைக் கண்டன.

ஆனால் சர்க்கரை நாவை ஏமாற்ற மட்டுமே பயன்படுவதன்று. அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிய வந்தது.

சர்க்கரை திறந்த கதவு

பேதியால் நலிந்த குடலுக்கு உப்பு நீரை மட்டும் கொடுத்தால் அது போதிய அளவு உறிஞ்சப்படுவதில்லை. அந்த உப்போடு குளுக்கோஸ் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. குடல்சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகக் கைகோத்து உள்ளே நுழைகின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. 1960இல் ராபர்ட் கிரேன் என்னும் அறிவியலாளர் இந்த இணைப்பை விளக்கினார். அதற்கு முன்பே, 1953இல் கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு வாய்வழி நீர்மம் கொடுத்துப் பெற்ற பலனை லான்செட் இதழில் வெளியிட்டிருந்தார். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் செய்த ஆய்வு அளவுகளை உறுதிப்படுத்தியது.

இது உலகத்தின் கண்ணில் பட்டது 1971இல். வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தனர். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனோபிஸ் என்னும் குழந்தை மருத்துவர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கலவை தயாரிக்கப்பட்டது. பெரிய பீப்பாய்களில் அது நிரப்பப்பட்டது. நோயாளிகளின் தாய்மார்களும் உறவினர்களும் குவளையில் பிடித்துத் தாங்களே புகட்டினார்கள். முகாமில் ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 1978இல் லான்செட் இதழின் தலையங்கம், இதனை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக் கூடியது என்று மதிப்பிட்டது. மகலனோபிஸ் 2022இல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பன்காவில் மருந்து ஊட்டிய கைகள் செவிலியருடையவை மட்டுமல்ல. பயிற்சி ஏதும் பெறாத தாய்மார்களின் கைகளும் அங்கே இருந்தன. ஊசியும் மின்சாரமும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வாந்தி எடுத்தாலும் சற்றுப் பொறுத்து மீண்டும் ஊட்டும் பொறுமை தேவைப்பட்டது.

வீடு வீடாகச் சென்ற பாடம்

இந்தப் பொறுமையை ஒரு நாடே கற்றுக்கொண்ட வரலாறு வங்கதேசத்தினுடையது. 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களைத் தேடிச் சென்றனர். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்பதே பாடம். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அதனைக் கற்றாள். பின்னர் வேறு பணியாளர்கள் சென்று, அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று பார்த்தனர். அதைப் பொறுத்தே கற்பித்தவருக்கு ஊதியம் வழங்கப்பட்டது. பெண்களிடம் மட்டும் பேசினால் போதவில்லை என்பதை உணர்ந்தபோது, பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் ஆண்களிடமும் எடுத்துரைத்தனர். குழந்தைக்கு மருந்தூட்டுவது உம்மாவின் வேலை மட்டுமே என்று எண்ணும் வீடுகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

மீண்டும் சென்னை, மீண்டும் கஞ்சி

1992 அக்டோபரில் சென்னையில் காலராவின் புதிய வகை ஒன்று தோன்றியது. ஓ139 என்று அதற்குப் பெயரிட்டனர். பழைய வகையால் மக்கள் பெற்றிருந்த எதிர்ப்பாற்றல் இதனிடம் செல்லவில்லை. சில மாதங்களில் அது வங்கக் கடலோரமாகப் பரவி, கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அடைந்தது. துறைமுகமும் ஆலைகளும் நெருக்கமான குடியிருப்புகளும் கொண்ட ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிக்குத் தண்ணீரும் கழிவுநீரும் அன்றாடக் கவலைகள். தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையின் பெயர் இப்பகுதிக் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்ததே. கிருமியின் வகை புதிதாயினும் சிகிச்சையின் அடிப்படை மாறவில்லை. இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுக்கும் முறை ஓ139 நோயாளிகளுக்கும் பயன்பட்டது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2000இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எளிதில் செரிக்காத மாவுச்சத்தை உப்பு சர்க்கரைக் கரைசலுடன் சேர்த்துக் கொடுத்தபோது காலரா நோயாளிகள் விரைவில் தேறினர். அந்த மாவுச்சத்தைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்கின்றன. அதனால் உண்டாகும் அமிலங்கள் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகின்றன என்பது அவர்களின் விளக்கம். அரிசிமாவு சேர்த்த கரைசல் காலராவில் நற்பயன் தருவதை வங்கதேச ஆய்வுகளும் காட்டியிருந்தன. கஞ்சித் தொட்டியில் 1782இல் ஊற்றப்பட்டதன் மதிப்பை அறிவியல் இப்படிச் சுற்றி வந்து கண்டுகொண்டது. ஆயினும், கஞ்சி இருக்கிறதே, ஓ.ஆர்.எஸ். எதற்கு என்று முடிவு செய்துவிடக் கூடாது. கஞ்சியில் உப்பின் அளவு வீட்டுக்கு வீடு மாறும். பொட்டலத்தில் அது அளந்து வைக்கப்பட்டிருக்கிறது.

நம் வீடுகளுக்கு

இந்த வரலாறு நம் கையில் தரும் நடைமுறை எளியது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தை உத்தேசமாகக் கலக்கக் கூடாது. ஒரு நாளுக்குமேல் வைத்திருக்கவும் கூடாது. ஒவ்வொரு முறை வயிறு போன பின்பும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குவளையை வாயில் கவிழ்க்காமல், ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாக ஊட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை ஒரு கரண்டித் தாய்ப்பாலிலோ தூய நீரிலோ கரைத்து, போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள் வரை, 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும்.

மற்ற மருந்துகளுக்கும் இதே வழி பொருந்தும். குழந்தையை நிமிர்த்தி மடியில் அமர்த்தி, கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விட்டு, விழுங்கிய பின் அடுத்த துளியைத் தருவது நலம். மருந்தை மிட்டாய் என்று சொல்லி ஏமாற்றுவது வேண்டாம். தனியே இருக்கும்போது புட்டியைத் தேடி எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்டு. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுத்து, இது மருந்து, கொஞ்சம் கசக்கும், பிறகு தண்ணீர் தருகிறேன் என்று உண்மையைச் சொன்னால் குழந்தையின் நம்பிக்கை கெடாது.

இனிப்பிலும் எச்சரிக்கை தேவை. சர்க்கரை அளவு மிகுந்தால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கைப் பெருக்கும். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. தரத்துக்கு உட்படாத பானங்கள் அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாதென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது. மருந்துக் கடையில் பொட்டலத்தின் மேலுள்ள எழுத்தைப் படித்து வாங்குவது நம் பொறுப்பு.

குழந்தை சோர்ந்து துவண்டாலோ, கண் குழிந்தாலோ, எதையும் குடிக்க இயலாமற் போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். செல்லும் வழியிலும், குழந்தை விழுங்க முடிந்தால், கரண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தை இறக்கி வைத்த அல்லாஹ், அதனை நம் குழந்தைகளுக்கு மென்மையோடும் பொறுமையோடும் கொண்டு சேர்க்கும் பாக்கியத்தைப் பெற்றோர் அனைவருக்கும் தந்தருள்வானாக. நோயுற்றிருக்கும் பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.